காலியிடம் வந்தால், வரும்போது

மூன்றே வரிக் கடிதம் அது. எழுபதுகளின் தொடக்கத்தில், தேனிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு நூற்பாலையின் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அனுப்பியவர் மேல் மட்டுமல்ல, படித்த என் மேலும்தான்.

எங்கள் ஊர் தேனிக்கும் போடிக்கும் நடுவில். அப்பாவுக்குக் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். பருத்தியும் சோளமும் மாற்றி மாற்றிப் போடுவார். பதினோராம் வகுப்பு முடித்த பெண் எங்கள் தெருவில் நான்தான் முதல். மேலே படிக்க வைக்க வழியில்லை. ‘டைப் அடிக்கத் தெரிஞ்சா ஆபீஸ் வேலை கிடைக்கும்’ என்று யாரோ சொல்லி, அப்பா என்னைத் தேனியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்துவிட்டார். கீழே உரக்கடை, மேலே நாங்கள். யூரியா மூட்டை வந்து இறங்கும் நாட்களில் கண் எரிய எரிய அடிப்போம்.

அங்கே எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் கையில் ஒரு கடிகாரத்துடன் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருப்பார். அவருக்கு ஒரே மந்திரம். “வார்த்தையப் பாக்காத, எழுத்தப் பாரு. அர்த்தம் பாத்தா ஸ்பீடு போயிரும்.” நானும் அர்த்தம் பார்க்கவில்லை. லோயர் பரீட்சை பாஸ், அடுத்து ஹையரும் பாஸ். நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சொல் அடிப்பேன். அதில் பாதிக்கு எனக்குப் பொருள் தெரியாது. பயிற்சிப் புத்தகத்தில் இருந்த வியாபாரக் கடிதங்களில் ‘இஃப் அண்ட் வென்’ என்ற தொடர் அடிக்கடி வரும். அதை எத்தனை நூறு தடவை அடித்திருப்பேனோ. என் விரல்களுக்கு அது நன்றாகத் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

ஹையர் முடித்த கையோடு அந்த மில்லுக்கு விண்ணப்பம் போட்டேன். வரச் சொன்னார்கள். மேனேஜர் வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். ஒரு பக்கத்தைக் கொடுத்து அடிக்கச் சொன்னார். ஒரு பிழை இல்லாமல் அடித்து நீட்டினேன். “வெரி குட்” என்றார். வெளியே கேட்டுக்கு அந்தப் பக்கம், வேப்பமரத்தடியில் அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றிருந்தார். “என்ன சொன்னாக?” என்று கேட்டார். “வெரி குட்னு சொன்னாக” என்றேன். வீடு வரும் வரை இரண்டு தடவை அதைத் திரும்பச் சொல்ல வைத்தார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. ‘உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, நேர்காணலுக்கு வந்தமைக்கு நன்றி’ என்று முதல் இரண்டு வரிகள். மூன்றாவது வரிதான் விஷயம். யுவர் கேஸ் வில் பி கன்சிடர்ட் இஃப் அண்ட் வென் எ வேகன்சி அரைசஸ்.

அப்பாவும் அம்மாவும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“என்னாத்தா போட்டிருக்கு?” என்றார் அப்பா.

“காலியிடம் வந்ததும் எனக்குக் குடுப்பாகளாம்.”

இதைத்தான் நான் சொன்னேன். இன்று யோசித்தால், அந்த ஒரு கணத்தில் எத்தனை தப்பு செய்திருக்கிறேன் என்று தெரிகிறது. யோசித்துப் பார்ப்போம் என்று மட்டும் சொல்லும் ‘கன்சிடர்’ என்பதைக் ‘கொடுப்பார்கள்’ ஆக்கினேன். ‘இஃப்’ என் கண்ணில் படவே இல்லை. ‘வென்’ மட்டும்தான் பட்டது. தமிழில் இதைச் சொல்ல வந்தால் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ‘வந்தால்’ என்றால் வராமலும் போகலாம். ‘வந்ததும்’ என்றால் வரப்போவது நிச்சயம், நாள்தான் தெரியாது. நான் ‘வந்ததும்’ என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது, அதனால் அப்படித்தான் படித்தேன்.

அன்று சாயங்காலமே டீக்கடையில் விஷயம் தெரிந்துவிட்டது. அப்பா சாதாரணமாக அதிகம் பேசாதவர். அன்று அவரே போய்ச் சொல்லியிருக்கிறார், “மகளுக்கு மில்லு ஆபீஸ்ல வேலை சொல்லிட்டாக” என்று. நான் அவரைத் தடுக்கவில்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்றாம் மாதம் கம்பத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம். மாப்பிள்ளை அங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் வாத்தியார். வந்து பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள். மாப்பிள்ளையின் அப்பா வெற்றிலையை மடித்தபடி சொன்னார்: “பொண்ணு மொதல்ல வேலையில சேரட்டும். சேந்த மறு முகூர்த்தத்துல வச்சுக்குவோம். என்ன சொல்றீக?” அப்பா தலையாட்டினார். எங்கள் வீட்டில் யாருக்கும் அதில் சந்தேகமே வரவில்லை.

இன்னொன்றும் நடந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்திருந்ததால், பெரியகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் ஆறு மாதத் தற்காலிக டைப்பிஸ்ட் வேலைக்கு அழைப்பு வந்தது. பிரசவ லீவில் போன ஒரு பெண்ணின் இடம். எனக்குப் போக ஆசைதான். அப்பா கேட்டார்: “கையில இருக்கிற வேலைய விட்டுட்டு, ஆறு மாசத்து வேலைக்கு எதுக்கு ஆத்தா போகணும்? நீ அங்கன இருக்கும்போது மில்லுல இருந்து கூப்புட்டா?” சரி என்று விட்டுவிட்டேன். கையில் இருக்கிற வேலையாம்! கையில் இருந்தது ஒரு காகிதம். அம்மா அதைத் தகரப்பெட்டியில், என் சர்டிபிகேட்டுகளுக்கு அடியில் மடங்காமல் வைத்திருந்தாள்.

ஒரு வருடம் போயிற்று. அதற்கு மேலும் போயிற்று. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்கும் போதெல்லாம் எழுந்து வாசலுக்குப் போய்விட்டு, ஒன்றும் நடக்காததுபோலத் திரும்பி வருவேன். ஒரு நாள் மதியம் தாய்மாமா வந்தார். தண்ணீர்ச் செம்பைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமலேயே பேசினார்.

“கம்பத்துக்காரக வேற எடம் பாத்துட்டாக.”

அம்மா அவர் கிட்டே போனாள். “ஏனாம்?”

“வேலை வேலைன்னு சொன்னது பொய்யின்னு பேசிக்கிறாக. பொண்ணக் கட்டிவைக்க இட்டுக்கட்டின கதைங்கிறாக.”

அம்மா உள்ளே ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். “எம் மக பொய் சொல்லல. இந்தா, காயிதத்துலயே இருக்கு, பாரு!” என்று மாமாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள். அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. இரண்டு பேரும் அந்த இங்கிலீஷ் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றதை என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்த மாதமே எனக்கு உண்மை தெரிந்தது, அதுவும் தேனி பஸ் ஸ்டாண்டில். என்னோடு டைப் படித்த ஒருத்தியைப் பார்த்தேன். தேனி பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவாள், நல்லவள், என்னைவிட மெதுவாக அடிப்பாள். கையில் டிபன் கேரியர் வைத்திருந்தாள்.

“எங்க போற?” என்றேன்.

“மில்லுக்குத்தான். ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டா இருக்கேன்ல. உன்னையும் கூப்பிட்டிருப்பாங்கன்னு நெனச்சேனே, நீ ஏன் சேரல?”

“நீ எப்பச் சேந்த?”

“போன வருசம் பங்குனியில.”

எனக்குக் கடிதம் வந்தது அந்த வருடம் தை மாதம். இரண்டே மாதம். காலியிடம் வந்திருக்கிறது, ஆளும் எடுத்திருக்கிறார்கள், நான் அதற்குப் பிறகும் ஒரு வருடம் சைக்கிள் மணிக்குக் காத்திருக்கிறேன். அவளுடைய அப்பாவின் கடையிலிருந்துதான் மில்லுக்குச் சாமான் போகிறது என்பதும் அவள் பேச்சுவாக்கில் சொல்லித் தெரிந்தது. ஒளிக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

நான் வீட்டுக்குப் போய்க் கடிதத்தை எடுத்துக்கொண்டு, அம்மாவிடம் இன்ஸ்டிட்யூட்டுக்கு என்று சொல்லிவிட்டு நேராக மில்லுக்குப் போனேன். வாட்ச்மேன் தடுத்தார். “மேனேஜர் வரச்சொல்லி லெட்டர் போட்டிருக்காக” என்று கடிதத்தைக் காட்டினேன். அந்தக் கடிதம் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது.

மேனேஜருக்கு என்னை நினைவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார், சிரித்தார்.

“இது ஆர்டர் இல்லையேம்மா.”

“தெரியும் சார். இடம் வந்ததும் குடுப்போம்னு போட்டிருக்கு.”

“எங்க போட்டிருக்கு? படி பாப்போம்.”

பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல நின்றுகொண்டு படித்தேன். ‘இஃப் அண்ட் வென்’ என்ற இடத்தில் விரலை உயர்த்தி நிறுத்தினார்.

“இஃப்னா என்ன?”

“வந்தா.”

“கன்சிடர்னா?”

“யோசிப்போம்.”

“யோசிச்சோம். அவ்வளவுதான்.”

“இடம் வந்துச்சே சார். எனக்கு லெட்டர் போட்ட ரெண்டே மாசத்துல ஆள் எடுத்துட்டீங்களே. எனக்கு ஒரு வரி எழுதிப் போடலையே?”

“வந்தவங்க எல்லாருக்கும் வரி எழுதிக்கிட்டு இருக்க முடியுமா?” என்றவர், மேஜை டிராயரை இழுத்து ஒரு கத்தைத் தாளை எடுத்து முன்னால் போட்டார். “எல்லாருக்கும் இதான் போறது.”

அத்தனையும் என் கடிதம். அதே மூன்று வரி. பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் மெஷினில் மொத்தமாக உருட்டி எடுத்தது. யாராவது வந்துபோனால் மேலே பெயரை மட்டும் டைப் அடித்து அனுப்பிவிடுவார்கள். என் கையில் இருந்ததைப் பார்த்தேன். என் பெயர் ரிப்பனில் அடித்தது, கறுப்பாக, தாளில் பதிந்து இருந்தது. கீழே இருந்த மூன்று வரியும் வெளிறிய மசி. ஹையர் பாஸ் பண்ணியவள் நான். இந்த வித்தியாசம் ஒன்றரை வருடமாக என் கண்ணில் படவில்லை. அப்போதுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“இடம் வந்தாலும் வராட்டியும் உனக்குக் கிடையாதுன்னு எழுத வேண்டியதுதான சார்? அதுக்கும் ஒரே ஒரு ஸ்டென்சில் போதுமே!”

“எதுக்கும்மா கத்துற? மூஞ்சியில அடிச்ச மாதிரி இல்லேன்னு சொல்லக் கூடாதுன்னுதான் இப்படி எழுதுறோம். அது ஒரு மரியாதை.”

“உங்க மரியாதைய நம்பித்தான் நான் பெரியகுளத்து வேலைக்குப் போகல. எங்கப்பா ஊரெல்லாம் சொல்லிட்டாரு. எங்களப் பொய்க்காரங்கன்னு சொல்லி வந்த சம்பந்தமும் போயிருச்சு. இது என்ன மரியாதை?”

“நீ தப்பாப் புரிஞ்சுக்கிட்டா அதுக்கு நான் என்ன செய்ய?” என்று மணியை அடித்தார். பியூன் வந்தான். அவன் கையைப் பிடிக்கும் முன் நானே வெளியே வந்தேன். மூலை மேஜையில் அவள், என் சிநேகிதி, மெஷின் மேல் விரலை வைத்தபடி இருந்தாள். அடிக்கவும் இல்லை, தலையைத் தூக்கவும் இல்லை.

அப்பாவிடம் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மேனேஜரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“நீதான படிச்சுச் சொன்ன?” என்றார்.

நான் கடிதத்தை மடித்தேன்.

“தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லியிருக்கணும். அரைகுறையாப் படிச்சுட்டு, என் வாயாலயே ஊருக்குப் பொய் சொல்ல வச்சுட்டியே ஆத்தா.”

“அவ என்ன, வக்கீலுக்கா படிச்சா?” என்று அம்மா குறுக்கே வந்தாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். அன்று மேனேஜர் மேல் இருந்ததைவிட அப்பா மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்ததால் வந்த கோபம் அது. சண்டை போடவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அதன் பிறகு பல நாள் அவர் டீக்கடைப் பக்கமே போகவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. கிடைத்த இடத்திலெல்லாம் விண்ணப்பம் போட்டு, கடைசியில் பெரியகுளத்தில் ஒரு சிவில் வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். காலையில் இரண்டு பஸ், சாயங்காலம் இரண்டு பஸ். உயில், பாகப்பிரிவினைப் பத்திரம், வக்கீல் நோட்டீஸ். அங்கேதான் நான் அடிப்பதைப் படிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் பார்ப்பேன். தெரியாவிட்டால் அகராதியை எடுப்பேன். வேகம் பாதியாகக் குறைந்தது. வக்கீல் முணுமுணுத்தார். நான் காதில் வாங்கவில்லை.

ஒரு நாள், மாந்தோப்பு வைத்திருந்த ஒருவரின் உயிலை அடித்துக்கொண்டிருந்தேன். தோப்பு பேரனுக்கு, அவன் இருபத்தோரு வயதை அடைந்தால், அடையும்போது. ‘இஃப் அண்ட் வென்’. கை நின்றுவிட்டது.

“என்னம்மா, ரிப்பன் சிக்கிக்கிச்சா?” என்றார் வக்கீல்.

“சார், இஃப் ஒண்ணு போதாதா? எதுக்கு ரெண்டு?”

அவருக்கு இப்படிப்பட்ட கேள்வி பிடிக்கும். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். “அந்தப் பையனுக்கு இப்ப நாலு வயசு. இருபத்தொண்ணு வரைக்கும் இருப்பான்னு யாரு எழுதிக் குடுக்க முடியும்? அதுக்கு இஃப். இருந்தான்னா, என்னிக்குத் தோப்ப அவன் கையில ஒப்படைக்கணும்? அதுக்கு வென். ஒண்ண மட்டும் போட்டா, எதிர்த்தரப்பு வக்கீல் மத்ததப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குவான். வெள்ளைக்கார வக்கீலுக்கு ஆதியிலருந்தே இந்தப் பயம் உண்டு. ஒரு சொல் போதும்கிற எடத்துல ரெண்டு சொல் போடுவான். அப்புறம் ஆபீஸ்காரன், கம்பெனிக்காரன் எல்லாரும் கேட்க நல்லா இருக்குன்னு எடுத்துக்கிட்டான். இங்கிலீஷ் நல்லாத் தெரிஞ்சவங்களே இதத் திட்டுவாங்க. முக்காவாசி எடத்துல இஃப் மட்டும் போதும்.”

பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அதை அப்போதும் என்னோடுதான் வைத்திருந்தேன். அவர் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

“இதுல இஃப் மட்டுந்தாம்மா வேலை செய்யுது. வென் சும்மா கூட நிக்குது.”

பொருள் தெரிந்தால் மனசு ஆறும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை, இன்னும் கொதித்தது. அந்த மாந்தோப்புக்காரர் இருமிக்கொண்டே வந்து, பேரன் பெயரைச் சொல்லி, ‘எதுவும் விட்டுப்போகாம எழுதுங்க’ என்று கெஞ்சியதை நான் பார்த்தேன். அப்படி ஒருவருக்காக உண்டான சொல் அது. அதை எடுத்து ஸ்டென்சிலில் வெட்டி, யாரென்றே தெரியாத பெண்களுக்கு உருட்டி உருட்டி அனுப்பியிருக்கிறார்கள். ‘இஃப்’ மட்டும் இருந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அந்த ‘வென்’தான் என்னை ஒன்றரை வருடம் வாசலில் உட்கார வைத்தது.

அதற்கு அடுத்த வருடம், என் சிநேகிதி எங்கள் வீட்டைத் தேடி வந்தாள். அவளுக்குக் கல்யாணம், பத்திரிகை கொண்டுவந்திருந்தாள்.

“அன்னைக்கு நான் தலையத் தூக்கிப் பாக்கல. பயமா இருந்துச்சு” என்றாள். “நான் வேலைய விடப்போறேன். அந்த எடம் காலியாகுது. ஒரு விண்ணப்பம் போடு. நான் சொல்லி வைக்கிறேன்.”

“எனக்கு வேணாம்.”

“கோவத்துல சொல்லாத.”

“கோவத்துலதான் சொல்றேன். அந்த மில்லு கேட்டுப் பக்கம்கூட வரமாட்டேன்.”

அவள் முகம் வாடிவிட்டது. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. தானாக வந்து, வெட்கப்பட்டு, உதவி செய்ய நின்றவளிடம் நான் காட்டியது மேனேஜர் மேல் இருந்த கோபத்தைத்தான். பத்திரிகையை வைத்துவிட்டுப் போனாள். கல்யாணத்துக்கு நான் போகவில்லை.

அப்பா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. இரண்டு நாள் கழித்து நான் வேலை முடிந்து வந்தபோது, வெள்ளை வேட்டி சட்டையோடு வாசலில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“எங்க போயிட்டு வாறீக?”

“மில்லு மேனேஜரப் பாத்துட்டு வாரேன்.”

“யாரு ஒங்களப் போகச் சொன்னது?”

“நானாத்தான் போனேன். எம் மகளுக்கு அந்த எடத்தக் குடுங்கன்னு கேட்டேன். பாப்போம் பெரியவரே, எடம் வந்தாச் சொல்றோம்னாக.” செம்பைக் கீழே வைத்தார். “இங்கிலீசுல வேணாம் சாமி, தமிழ்ல ஒரு வரி எழுதிக் குடுங்கன்னேன். வந்தாவா, வந்ததுமா, ரெண்டுல எதுன்னு எழுதுங்கன்னேன். எழுத மாட்டேன்னுட்டாக.”

எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை, தெருவே கேட்கக் கத்தினேன். “எதுக்கு அங்கன போய் நின்னீக? அந்தாளு முன்னாடி எதுக்குக் கையக் கட்டிக்கிட்டு நின்னீக? எனக்குத்தான் வேலை இருக்கே! யாரு கேட்டா ஒங்கள?”

“ஊருக்கு நான்தான ஆத்தா சொன்னேன்” என்றார்.

உட்கார வைத்தார்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். அதைக் கேட்டிருக்கவே கூடாது. உள்ளே போய்ப் பையை வீசி எறிந்தேன். அம்மா சோற்றைப் போட்டாள். அப்பா சாப்பிட்டார். அவர் தட்டில் கை கழுவும் வரை நான் அடுப்படியிலேயே நின்றிருந்தேன். அவரைப் பார்க்கவும் என்னால் முடியவில்லை, அங்கிருந்து போகவும் முடியவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் பெரியகுளம் போனேன். அண்ணன் தம்பி ஐந்து பேரின் பாகப்பிரிவினைப் பத்திரம் காத்துக்கொண்டிருந்தது. மதியம் வரை தலை நிமிராமல் அடித்தேன்.